ஏழாவது கொக்கி

பகலில் நான் பூட்டுத் திறப்பவன்.
வால்பரைசோவின் குன்றுகளில் பாதிக்கு மேல்
எந்தக் கதவு மழைக்கு உப்பும்,
எது தோளால் முட்டினால் திறக்கும்
என்று எனக்குத் தெரியும்.
வியாழன் இரவுகளில்
தீயணைப்புக் கம்பெனியில் கற்றுக்குட்டி.
சம்பளம் கிடையாது, இங்கே யாருக்குமே கிடையாது.
மாதச் சந்தாவை நாங்கள்தான் கட்டுகிறோம்,
அடுத்தவன் வீட்டுத் தீக்குள் நுழையும் உரிமைக்கு.

எனக்கு முப்பத்தாறு வயது.
என்னைக் கண்காணிக்கும் யஸ்னாவுக்கு இருபத்துமூன்று,
பல் மருத்துவம் படிக்கிறாள்.
அவள் கையெழுத்துப் போட்டால்தான்
என் மணிநேரம் மணிநேரம்.
நூற்றிருபது வேண்டும். இதுவரை எழுபத்தொன்று.
அதில் அறுபது, குழாய் கழுவியது.

ஈரத்தோடு சுருட்டிய குழாய்
பூஞ்சையை வயிற்றில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்,
நல்ல சமயம் பார்த்து வெடிக்க.
ஆகவே கோபுரத்தின் உச்சியிலிருந்து தொங்கவிட வேண்டும்.
கீழே நின்று பார்த்தால்
ஏதோ ஒரு பெரிய விலங்கின் குடல் உலர்வதுபோல் இருக்கும்.
"மறுபடி கழுவு, மரம்பியோ" என்பாள்.
வலிக்காது என்று பொய் சொல்லாத குரல்.

பிப்ரவரியில் ஓரிரவு
சைரன்.
சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த தகர வீடு.
தெரிந்த கதவு. போன வருடம்
நான்தான் அதற்குப் பூட்டுப் போட்டேன்.
"நாற்பது வினாடி கொடு, திறந்துவிடுவேன்."
"உன் இடம் நாடாவுக்கு வெளியே."
கோடரிக்கு ஆறு வினாடி போதுமாக இருந்தது.

என் கையில் பலகை.
உள்ளே போகிறவர் தன் பெயர் வில்லையைக் கழற்றித் தருவார்,
கொக்கியில் மாட்ட வேண்டும்.
பக்கத்தில் நேரம்.
அதற்கும் பக்கத்தில், முதுகுச் சிலிண்டரில் எவ்வளவு காற்று.
வேறெதுவும் செய்யக் கூடாது.
பூனை குதித்தாலும், ஜன்னல் சிதறினாலும்
பலகையைத்தான் பார்க்க வேண்டும்.

முந்நூறு, முந்நூறு, முந்நூறு.
ஆறு பேர் போனார்கள்.
ஏழாவது, யஸ்னா.
வில்லையில் அவள் ரத்த வகை,
ஓரத்தில் பல்லால் கடித்த தடம்.

தையல்காரி எர்சிலியா நாடாவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
"மெஷினை எடுப்பார்களா?"
தெரியாது என்றேன்.
அந்த இரவில் நான் பேசிய ஒரே உண்மை.

மற்ற வில்லைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.
ஏழாவது மட்டும் கொக்கியில்.
பயமில்லை எனக்கு.
என் பலகைப்படி அவளுக்கு இன்னும் நேரம் இருந்தது.
கணக்கு எழுதியவனுக்கு வரும் நிம்மதி அது,
இருக்கைபோல அதில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது புகைக்குள் விசில்.
காற்று தீரப்போகிறவர்களின் முதுகில்
தானாகக் கூவும் விசில்.
அது என் பலகையைவிட
நான்கு நிமிடம் முந்தி வந்தது.
பின்னாலேயே அவளும் வந்தாள்,
வெறுங்கையோடு.
உள்ளே யாரும் இருக்கவில்லை.

முகமூடியைக் கழற்றினாள், இருமினாள்,
படியில் உட்கார்ந்து பலகையை வாங்கிப் பார்த்தாள்.
"எனக்கு எவ்வளவு எழுதியிருக்கிறாய்?"
முந்நூறு.
"இருநூற்றெழுபது என்று சொன்னேன்."

சொல்லியிருப்பாள்.
மேலே ஆறு முந்நூறு. கை
அதே ஓட்டத்தில் ஏழாவதையும் எழுதிவிட்டது,
காது எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை.

திட்டவில்லை. திட்டியிருந்தால்
நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.
படிவத்தை முழங்காலில் வைத்து எழுதினாள்:
மூன்று மணி நேரம்.
பிழை ஒன்று.
இடத்தை விட்டு நகரவில்லை.
கையெழுத்து.
பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி
"எழுபத்துநான்கு" என்றாள்.
"வா, குழாய் கழுவணும்."

வெள்ளிக்கிழமை எர்சிலியா கடைக்குப் போன் செய்தாள்.
கதவு இல்லை, கூரை இல்லை,
வெளி கேட்டுக்கு மட்டும் ஒரு பூட்டு வேண்டுமாம்.
போனேன். உள்ளே என்ன மிச்சம் என்று கேட்கவில்லை.
கேட்டின் தடிமனை அளந்தேன்.
சத்தமாகச் சொன்னேன்.
மறுபடி அளந்தேன்.
அவள் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தாள்.
அதற்குப் பிறகுதான் எழுதினேன்.